போதும் என்ற பேச்சுக்கே இடமில்லை

இரும்புக்குக் காது உண்டு என்று கண்டுபிடித்த வருடம், ஊரே அதைப் பற்றி வாய் பிளந்து பேசிக்கொண்டிருக்க, எனக்கு இருந்த ஒரே கவலை அந்தக் காதை ஒன்பதுக்கு ஆறு மீட்டர் ஸ்டாலில் எந்த மூலையில் வைப்பது என்பதுதான்.

நான் நஞ்சப்பன். கோயம்புத்தூரில் நாற்பத்தோரு வருடமாகக் கண்காட்சிகளுக்கு ஸ்டால் போடுகிறவன். பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஏர்கூலர் கம்பெனி ஒன்றுக்கு நான் போட்ட ஸ்டாலுக்குள் நுழைந்த ஊட்டிக்காரர் ஒருவர், வீட்டுக்குப் போன் போட்டு ஸ்வெட்டர் கொண்டுவரச் சொன்னார். மின்விசிறிக் கம்பெனிக்குப் போட்ட ஸ்டால், பத்து விசிறியையும் ஒரே நேரத்தில் போட்டதும் ரிப்பனோடு கிளம்பிப் போய்ப் பல்லடத்தில் இறங்கி, அங்கேயே நாலு ஆர்டர் பிடித்தது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. இவ்வளவு செய்தும் ‘சிறந்த அரங்கு’க் கோப்பை எனக்கு ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை. அந்த வருடம் வரைக்கும் முப்பத்தொரு தடவை இரண்டாவது இடம். இரண்டாவது இடத்துக்குக் கோப்பை கிடையாது, சால்வைதான். எங்கள் வீட்டில் ஜன்னல் திரை எல்லாம் சால்வை.

ஸ்டால் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கண்காட்சிக்கு வருகிறவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் இலவசத் துணிப்பைக்காக வருகிறவர்கள். இருபது பேர் போட்டிக் கம்பெனி ஆட்கள். மிச்சம் பத்துப் பேருக்காகத்தான் இத்தனை விளக்கும் விரிப்பும். அந்தப் பத்துப் பேரை மூன்று அடி உள்ளே இழுத்துவிட்டால் நாலாவது அடியை அவர்களே வைத்துவிடுவார்கள். என் தொழில் அந்த மூன்று அடி.

இரண்டாயிரத்து முப்பத்தாறாம் வருடம் தூவானம் பம்ப்ஸ் முதலாளி கோவர்த்தனன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அறுபத்து மூன்று வயது. நல்ல மனிதர். ஒரே குறை, கதை சொல்வார். எனக்குக் கதை சொல்கிறவர்களைக் கண்டால் ஆகாது.

அவர் கதை இதுதான். சிறுவாணிப் பக்கம் ஓர் ஓடையில் கால் நனைத்துக்கொண்டிருந்தாராம். தண்ணீர் சுழித்துப் போவதைப் பார்த்து, பம்புக்குள் சுழலும் விசிறியை எப்படி வளைக்க வேண்டும் என்று அவருக்குப் பளிச்சென்று பட்டதாம். அப்படிப் பிறந்ததுதான் ‘தூவானம் ஏழு’. சேறும் மணலும் கலந்த தண்ணீரையும் அடைத்துக்கொள்ளாமல் இறைக்கும். பதினோரு நாட்டில் ஓடுகிறது. கதையை நான் முதல் தடவை கேட்டபோது ஓடை கணுக்கால் அளவு. பத்தாவது வருடம் இடுப்பளவு. கடைசியாகக் கேட்டபோது அது அருவியாகி, அதில் விழுந்த ஓர் ஆட்டை இவர் குதித்துக் காப்பாற்றி, அந்த நேரத்தில் விசிறியின் வளைவு தோன்றியிருந்தது.

“நஞ்சப்பண்ணா, ஏழு பொறந்து இருவத்தஞ்சு வருசம். டெல்லியில இருந்து வந்து நம்ம ஸ்டால்லயே வெச்சு எனக்கு விருது குடுக்கறாங்க. இந்தத் தடவ ஸ்டால் பேசோணும்.”

“எல்லா ஸ்டாலும் பேசுதுங்க மொதலாளி. ஸ்பீக்கர் வெச்சுட்டுக் காது கிழியப் பேசுது.”

“ஸ்பீக்கர் இல்லீங்கண்ணா. பம்பே பேசோணும்.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் கதவைப் பார்த்தார். கதவு வழியாக ஜுலைகா வந்தாள். கோட்டைமேட்டுப் பெண். பொறியியல் கல்லூரியில் உலோகங்களை ஆராய்ச்சி செய்கிறவள். இரும்பின் காதைக் கண்டுபிடித்த மகராசி இவள்தான்.

“ஏனம்மிணி, இரும்பு எப்படிப் பேசும்?” என்று கேட்டேன்.

“பேசாதுங்க ஐயா. கேக்கும். உங்க வீட்ல பாலுக்கு ஒற ஊத்தி வெச்சப்பறம் யாராச்சும் சொம்ப ஆட்டினா என்ன ஆகும்?”

“நாந்தான் ஆட்டுவேன். திட்டு விழும்.”

“தயிர்ல கோடு விழும்ல? அதே மாதிரிதாங்க. கொழம்பா இருக்கற இரும்ப மணல் அச்சுல ஊத்தறப்ப, அடியிலருந்து உறஞ்சுக்கிட்டே மேல வருது. அந்த நேரத்துல பக்கத்துல யார் என்ன பேசினாலும் அந்த அதிர்வு மடிப்பு மடிப்பா உள்ளயே நின்னுருது. அடிமடிப்புல மொத வார்த்த, மேல்மடிப்புல கடைசி வார்த்த. அதப் படிக்கத்தான் இது.”

உளுந்து வடை அளவில் வட்டமாக ஒரு சாமானை எடுத்து மேசையில் வைத்தாள். அதற்கு அவள் வைத்திருந்த பெயர் நீளமானது. தூவானத்து ஆட்கள் பார்த்த மறுநிமிடம் அதற்குக் ‘காது’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

குடோனிலிருந்து மூன்று பம்பு கொண்டுவரச் சொன்னார் கோவர்த்தனன். முதல் பம்பின் மேல் ஜுலைகா காதை ஒட்டினாள். உருகிய இரும்பு ஊற்றும் களகளப்பு. அதன் நடுவே ஓர் ஆண் குரல்: “நம்ம கேன்டீன் சாம்பார்ல பருப்பத் தேடோணும்னா நீச்சல் தெரிஞ்சிருக்கோணும்.” நாலு பேர் சிரிப்பு. பிறகு ஒரு பெண் குரல், கண்டிப்பாக: “போதும்.”

இரண்டாவது பம்பில் யாரோ ஒருவர் பழைய தாலாட்டை மெட்டு மாற்றிப் பாடினார். மறுபடியும் அதே “போதும்.”

மூன்றாவது பம்பு: “மொதலாளி இன்னிக்கு ஓடையில ஆட்டக் காப்பாத்துனாரா, இல்ல மாடு ஆயிருச்சா?” ஓங்கிய சிரிப்பு. “போதும்.”

அறையில் யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேனோ என்னவோ, ஞாபகம் இல்லை.

“கடைசியில ஏன் எல்லாத்துலயும் போதும்னு வருது?” என்றாள் ஜுலைகா.

அவளுக்கு நான் விளக்கினேன். வார்ப்புப் பட்டறையில் உருகிய இரும்பைச் சாய்க்கிற ஆளுக்கு அச்சின் உள்ளே தெரியாது. அச்சுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, துளை வழியே பார்த்து, நிறைந்ததும் கையைத் தூக்கி அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும். சொன்ன நொடியில் நிறுத்தியாக வேண்டும். ஒரு விநாடி தாமதித்தால் காலில் கொட்டும். பட்டறையில் அந்த வார்த்தைக்கு முதலாளியும் அடங்கித்தான் ஆகவேண்டும்.

“அது கெடக்கட்டும்” என்றார் கோவர்த்தனன். “யாரது, ஆடுன்னு சொன்னவன்?”

ஜுலைகாவின் முகம் சுருங்கியது. “இது அதுக்கில்லீங்க சார். பேசினவங்களுக்கு இரும்பு கேக்குதுன்னே தெரியாதே.”

“எம் பட்டற, எம் பம்பு. யாருன்னு தெரிஞ்சுக்கக் கூடாதா?”

அவர் யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. அப்படி ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை. கேட்டார், அவ்வளவுதான். ஆனால் அவர் கேட்ட சேதி டீ நேரத்துக்குள் பட்டறைக்குப் போய்விட்டது. மறுநாளிலிருந்து தூவானம் பட்டறையில் யாரும் பேசுவதில்லை. நூற்றிருபது பேர். உப்பு வேண்டுமென்றால்கூட விரலால் கேட்டார்கள். அந்த வாரம் வார்த்த பம்புகளில் காதை வைத்தால் களகளவென்று இரும்பு ஊற்றும் சத்தம், கடைசியில் ஒரு “போதும்.” நடுவில் மயானம்.

நான் ஸ்டால் வேலையைத் தொடங்கினேன். முகப்பில் இரண்டடி உயர எழுத்தில் கம்பெனியின் வாசகம்: ‘தூவானம்: போதும் என்ற பேச்சுக்கே இடமில்லை!’ பின்சுவர் முழுக்க ஓடை. ஆட்டையும் வரையச் சொன்னார், வரைந்தேன். நடுவில் பம்பு.

“மொதலாளி, மேல போதும்ங்கற பேச்சுக்கே இடமில்லைன்னு போட்டிருக்குது. கீழ பம்பு ஒவ்வொண்ணும் போதும் போதும்ங்குது.”

“தண்ணி போதும்னு விவசாயி சொல்றான்னு எடுத்துக்குவாங்கண்ணா” என்றார். அவருக்கு வியாபாரம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. “ஆனா ஸ்விட்ச் எதுவும் வெளிய தெரியக் கூடாது. தெரிஞ்சா மாயம் போயிரும்.”

ஸ்விட்ச் இல்லாமல் எப்படி நிறுத்துவது? ஜுலைகா வழி சொன்னாள். எல்லா வார்ப்பும் ஒரே வார்த்தையில்தானே முடிகிறது? அந்த வார்த்தை காதில் விழுந்ததும் கருவி தானாக அணையும்படி செய்துவிட்டாள். இரும்பு சொன்னாலும் அணையும், வெளியே நிற்கிற ஆள் சொன்னாலும் அணையும்.

“நடுவுல நிறுத்தோணும்னா அந்த வார்த்தைய நீங்க சொன்னாப் போதுமுங்க மொதலாளி” என்றேன். நான் சொன்னதுமே ஜுலைகாவின் கையிலிருந்த காது அணைந்துகொண்டது.

கோவர்த்தனன் நெஞ்சை நிமிர்த்தினார். “அந்த வார்த்த எம் வாயில வந்ததே இல்லீங்கண்ணா. சோத்துக்குக்கூட எலைய மறிச்சுக் கைய நீட்டுவனே ஒழிய, வாயால சொல்ல மாட்டேன்.”

ஊமைப் பம்புகளை வைத்து ஸ்டாலைப் பேச வைக்க முடியாதல்லவா? அதற்கும் அவரே வழி கண்டுபிடித்தார். அலுவலக வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் சந்தனப் பொட்டு வைத்து ஒரு பம்பு இருக்கும். ‘தூவானம் ஏழு’ வரிசையின் முதல் வார்ப்பு. இரண்டாயிரத்துப் பதினொன்றில் ஊற்றியது. யாருக்கும் இரும்பின் காது தெரியாத காலம்.

“அன்னிக்கு நான் பக்கத்துலயே நின்னனுங்கண்ணா. எங் குரல்தான் இருக்கும். விருது குடுக்கறப்ப அது பேசட்டும்.”

“முன்னாடியே ஒருக்காக் கேட்டுப் பாத்துரலாமுங்களா?”

“பொண்ண முன்னாடியே பாத்துட்டா கல்யாணத்துல என்ன சுவாரசியம்?”

“எல்லாரும் பாத்துட்டுத்தானுங்களே கட்டறோம்?”

அவர் கேட்கவில்லை. பெட்டியை நேராக ஸ்டாலுக்கு அனுப்பிவிட்டார்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் மத்தியானம், தச்சர்களும் வயரிங் ஆட்களும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் பம்பைத் துடைத்தேன். துடைக்கும்போது கை தவறிக் காது பம்பின் மேல் ஒட்டிக்கொண்டது. இது யாருக்கும் நடக்கக்கூடியதுதான். ஜுலைகாவும் பக்கத்தில் இருந்தாள்.

நாற்பது விநாடி. கோவர்த்தனன் குரல் இருந்தது, அவர் சொன்னது சரிதான். ஆனால் ஓடை இல்லை, சுழி இல்லை, ஆடு இல்லவே இல்லை. இன்னொரு குரல் இருந்தது. ஒரு பெண் குரல். விசிறியை வளைத்தது யார் என்பதும் இருந்தது.

“இது யாருங்க ஐயா?”

“கோர் போடற துளசிமணி” என்றேன். “இப்பவும் பட்டறையிலதான் இருக்குது. நீ கேட்ட பம்புல எல்லாம் போதும்னு சொன்னது அதுதான்.”

ஜுலைகா காதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். “அவங்கள ஒரு வார்த்த கேக்கோணுங்க. கேக்காம கேக்கக் கூடாதுங்க ஐயா. நான் இத மொதல்லயே யோசிச்சிருக்கோணும்.”

பட்டறைக்குப் போனேன். நூற்றிருபது பேரும் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். துளசிமணி வாசலுக்கு வந்தாள். ஐம்பத்தொரு வயது. முழங்கை வரை கருமணல். பம்பின் உள்ளே தண்ணீர் போகிற பாதை வெற்றிடமாக இருக்க வேண்டுமே, அந்த வெற்றிடத்துக்காக அச்சுக்குள் வைக்கிற மணல் உருவத்துக்குத்தான் கோர் என்று பெயர். மணல் இருக்கிற இடம்தான் நாளைக்குத் தண்ணீர் போகிற இடம். அதைப் பிடிப்பது அவள் வேலை.

விஷயத்தைச் சொன்னேன். காதில் வாங்கிக்கொண்டு கை மணலைத் தட்டினாள்.

“அது ஒண்ணும் பெரிய சூத்திரம் இல்லீங்கண்ணா. தேஞ்சு திரும்பி வர்ற விசிறிய எல்லாம் உருக்கறதுக்குக் குமிச்சு வெப்பாங்க. நான் பாத்துட்டே இருந்தேன். கோபிச்செட்டிபாளையத்துல இருந்து வந்தாலும் அதே எடத்துலதான் தேஞ்சிருக்கும், கர்நாடகத்துக் கொப்பள்ல இருந்து வந்தாலும் அதே எடந்தான். தண்ணி எனக்கு இங்க வழி வேணும்னு கேட்டிருக்குது. யாரும் குடுக்கல, அதுவே அரிச்சு எடுத்துக்குச்சு. நான் கோர்ல அந்த எடத்துல ஒரு கை மணல் சேத்து அப்பி, கேட்ட வழியக் குடுத்துட்டேன். அவ்வளவுதானுங்க.”

“இருவத்தஞ்சு வருசமா நீ சொல்லவே இல்லையா?”

“சொன்னனே. யாரு நம்பறா? ஓடையில விழுந்த ஆட்டுக்கு இருக்கற மரியாத எனக்கில்லீங்க. ஆட்டச் செவுத்துல வரஞ்சிருக்கீங்களாமே?”

நான் பேச்சை மாற்றினேன். “நாளைக்கு அந்தப் பம்பு எல்லார் முன்னாடியும் பேசப் போகுது. வேண்டாம்னா ஒரு வார்த்த சொல்லு. ஒயர எலி கடிச்சுருச்சுன்னு சொல்லிக்கறேன். பேசுச்சுன்னா உனக்கு வேல போனாலும் போகும். யோசிச்சுக்க.”

அவள் யோசிக்கவில்லை. “எனக்குப் பேரு வேணுங்கண்ணா. இத்தன வருசமா ‘ஏ, கோர்க்காரி’ன்னுதான் கூப்புடறாங்க. அது பேசட்டும். ஆனா நான் அங்க நிக்கோணும். அச்சுக்குப் பக்கத்துல நிக்கற மாதிரியே நிக்கோணும். எது வரைக்கும் பேசலாங்கறத நாந்தான் சொல்லுவேன்.”

நியாயம்தானே? அவள் இருபத்தைந்து வருடமாகச் செய்கிற வேலையே அதுதான்.

அன்று சாயங்காலத்துக்குள் ஸ்டாலின் மூன்றாவது அடியில், பம்புக்கு வலப்பக்கம், ஒரு மணல் அச்சைப் பெட்டியோடு கொண்டுவந்து வைத்தேன். கோவர்த்தனன் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். “வேல செய்யற ஆள் ஒருத்தர் நின்னாக் கூட்டம் நிக்குமுங்க” என்றேன். “நல்ல யோசனைங்கண்ணா, யாரையாச்சும் நிறுத்துங்க” என்றார். நான் முதலாளி சொல்லைத் தட்டுகிறவன் இல்லை.

மறுநாள் காலை பத்தரை மணி. ஸ்டாலுக்கு முன்னால் எண்ணூறு பேர். துணிப்பையை மறந்துவிட்டு நின்றார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். டெல்லியிலிருந்து விருதோடு வந்த அதிகாரி ஓர் அம்மாள். பூர்வீகம் திருநெல்வேலி, அதனால் தமிழ் நன்றாகவே தெரியும். அது கோவர்த்தனனின் போதாத காலம்.

விளக்கேற்றினார்கள். கோவர்த்தனன் மைக்கைப் பிடித்து ஓடையில் இறங்கினார். ஆட்டைக் காப்பாற்றினார். “அன்னிக்கு நடந்தத நான் சொல்றத விட, இந்த இரும்பே சொல்லும்” என்று சொல்லிவிட்டு, பம்பின் மேல் காதைத் தன் கையாலேயே ஒட்டினார்.

இரும்பு ஊற்றும் களகளப்பு. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிறகு முப்பத்தெட்டு வயதுக் கோவர்த்தனனின் குரல்:

“ஒடச்சுப் போடுன்னு சொன்னனே, அந்தக் கோரையா வெச்சு ஊத்தறீங்க?”

“ஆமாங்க. ஊத்த ஆரம்பிச்சாச்சுங்க மொதலாளி. இனி நடுவுல நிறுத்த முடியாது.”

கோவர்த்தனன் புன்னகை அப்படியே நின்றது, நனைந்த சுவரொட்டி மாதிரி. மெதுவாக என் பக்கம் திரும்பி, “நிறுத்துங்க” என்றார். கருவி நிற்கவில்லை. “ஆஃப். ஆஃப் பண்ணு. கட்!” என்றார். அது நிற்குமா? அவர் சொன்ன மாதிரியே ஸ்விட்ச் எதுவும் இல்லை. எல்லார் கண் முன்னாலும் தன் கையால் ஒட்டினதைத் தானே பிடுங்கவும் முடியாது.

“மணல இப்படி அப்பி வெச்சிருக்கியே, தண்ணி எப்படிடி ஏறும்?”

“தேஞ்ச எடத்துல வழி விட்டிருக்கேனுங்க. ஏறும்.”

அவருக்கு வார்த்தை தெரியும். நானே சொல்லிக் கொடுத்தேன். வாயைத் திறந்து “போ...” என்று ஆரம்பிக்கவும் செய்தார். கண் தானாக மேலே போனது. இரண்டடி உயரத்தில் நான் அறுத்து ஒட்டிய எழுத்து. எண்ணூறு பேர். பதினோரு நாட்டு வியாபாரிகள். வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

பிறகு துளசிமணியைப் பார்த்தார். அவள் அச்சுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவளும் நிறுத்தலாம். அவர் பார்த்த பார்வையில் அது இருந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. தலையை லேசாகச் சாய்த்து, துளை வழியே இரும்பு ஏறுவதைப் பார்க்கிற மாதிரி, வெறும் அச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏறலைன்னா நாளைக்கே மணல் சலிக்கப் போயிருவ.”

“ஏறுச்சுன்னா?”

களகளப்பு மட்டும். பிறகு ஒரு சிரிப்பு. இளவயதுச் சிரிப்பு, கள்ளமில்லாத சிரிப்பு.

“ஏறுச்சுன்னா உம் பேரையே வெக்கறேன் போ. துளசின்னு.”

துளசிமணியின் வலது கை மேலே எழுந்தது. “போதும்” என்றாள். அதே நொடியில் இரும்புக்குள்ளிருந்தும் “போதும்” என்று வந்தது. ஒரு குரலுக்கு வயது இருபத்தாறு, இன்னொன்றுக்கு ஐம்பத்தொன்று. மயிரிழை பிசகவில்லை. கருவி அணைந்தது. எந்தப் ‘போதும்’ கேட்டு அணைந்தது என்று ஜுலைகாவுக்கே இன்றுவரை தெரியாது.

கண்காட்சி மண்டபத்தில் அத்தனை அமைதியை நான் கேட்டதே இல்லை. பக்கத்து ஸ்டாலில் பிஸ்கட் கட்டுகிற இயந்திரம்கூட ஒரு பாக்கெட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்த்தது.

“துளசிங்கறது யாரு?” என்றார் டெல்லி அம்மாள்.

“நாந்தானுங்க. முழுப்பேரு துளசிமணி. மணிய அவரு சேக்கல, பரவால்லீங்க.”

கோவர்த்தனன் பம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். “மறந்தே போயிட்டனே” என்று முணுமுணுத்தார். நான் நம்புகிறேன். ஓடையை அத்தனை தடவை சொன்னவருக்கு ஓடைதான் ஞாபகம் இருக்கும். கதை சொல்கிறவர்களுக்கு இந்த வியாதி வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

பிறகு நிமிர்ந்தார். “ஏம்மா துளசிமணி, ஏறுச்சா?”

“பதினோரு நாட்டுல ஏறுதுங்க.”

“அப்ப வாக்கு வாக்குதான்.” டெல்லி அம்மாள் கையிலிருந்த விருதை வாங்கி, மணல் ஒட்டிய அந்தக் கையில் கொடுத்தார். என் பக்கம் திரும்பினார். “நஞ்சப்பண்ணா, பம்பு பேர்ப்பலகைய மாத்தறதுக்கு எவ்வளவு நேரமாகும்?”

“அரை மணி நேரமாச்சும் வேணுமுங்க” என்றேன்.

எழுத்தை முதல் நாளே அறுத்துத் தடுப்புக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஆனாலும் தொழிலுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? பின்னால் போய் இரண்டு போண்டா, ஒரு டீ. இருபத்தொன்பதாவது நிமிடம் ‘துளசிமணி ஏழு’ என்ற பலகையோடு வந்து மாட்டினேன். மூன்று நாளும் அந்த ஸ்டாலில் நிற்க இடமில்லை. பட்டறை ஆட்கள் நூற்றிருபது பேரும் குடும்பத்தோடு வந்து, அந்தப் பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பலகையை மாட்டியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானே ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன்.

கோவர்த்தனன் வாக்கைக் காப்பாற்றியது நல்ல மனதாலா, எண்ணூறு பேர் பார்த்ததாலா? எனக்குத் தெரியாது. இரும்பாக இருந்தால் காதை வைத்துப் பார்க்கலாம்.

பட்டறை வாசலில் இப்போது ஒரு பலகை இருக்கிறது. ஜுலைகா சொன்னது, நான் எழுதியது: ‘கேட்காமல் கேட்கக் கூடாது.’ பேசினவர் சரி என்று சொல்லாமல் எந்த வார்ப்பின் மேலும் யாரும் காதை வைக்க முடியாது. பட்டறையில் மறுபடியும் பேச்சு வந்துவிட்டது. ஒரு வித்தியாசம், இப்போது தெரிந்தே பேசுகிறார்கள். போன மாதம் தாராபுரத்து விவசாயி ஒருவர் வாங்கிய பம்பு, “சாம்பார்ல இப்ப பருப்பு தட்டுப்படுதுங்க” என்று சொல்லியிருக்கிறது. பின்சுவர் ஆட்டைக் கோவர்த்தனன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

எனக்கு என்ன ஆனது என்று நீங்கள் கேட்கவில்லை. பரவாயில்லை, சொல்கிறேன். ‘சிறந்த அரங்கு’க் கோப்பை பிஸ்கட் இயந்திரத்துக்குப் போனது. ‘பார்வையாளர்களைக் கண்கலங்க வைத்தது, விதி பதினான்குக்கு முரண்’ என்று நடுவர்கள் குறிப்பு எழுதி, எனக்குச் சால்வை போர்த்தினார்கள். முப்பத்திரண்டாவது.

துளசிமணிதான் சால்வையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “கோப்பைதானுங்களே? நான் ஊத்தித் தர்றேன், வாங்கண்ணா.”

அவளே கோர் பிடித்தாள், அவளே அச்சுக்குப் பக்கத்தில் நின்றாள். இரும்புக் கோப்பை, நாலு கிலோ. “வர்றவங்க போறவங்க கேக்கற மாதிரி என்னயப் பத்தி உள்ளத உள்ளபடி நாலு வார்த்த சொல்லு தாயீ” என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றாள். இரும்பு சாய்ந்தது.

அந்தக் கோப்பை இதோ என் அலமாரியில் இருக்கிறது. ஜுலைகா கொடுத்த காது ஒன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. துளசிமணியிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. இந்தக் கதையை நம்பாதவர்கள் நேரில் வந்து கேட்டுக்கொள்ளலாம். இரும்பு பொய் சொல்லாது. அதில் அவள் குரல் தெளிவாக, சத்தமாக, பெருமையோடு சொல்கிறது:

“நஞ்சப்பண்ணன் சொல்றதுல சரியாப் பாதி நெசம், பாதி பொய்யுங்க. அதுல எந்தப் பாதி நெசம்னு கேட்டீங்கன்னா...”

அதற்குள் கோப்பை நிறைந்துவிட்டது.

“போதும்.”